வீடு ஊருக்குப் போகாத கிறிஸ்துமஸ்

ராஜகுமாரி நகர் மூன்றாவது தெருவில் கிறிஸ்தவர்கள் குடியிருக்கும் வீடுகள் டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி காலையில் தங்கள் சொந்த ஊருக்குக் கிளம்பிப் போய், ஜனவரி இரண்டாம் தேதி திரும்பி வந்துவிடும். மற்றவர்கள் வீடுகள் சில தீபாவளிக்குப் போகும், சில பொங்கலுக்குப் போகும். அடுக்குமாடிக் குடியிருப்புகள் மட்டும் எங்கும் போவதில்லை. எந்த ஊருக்குப் போவது என்பதில் அவற்றுக்குள் ஒருமித்த முடிவு வருவதே இல்லை.

சுகிர்தத்தின் வீடு பொறுப்பான வீடு. போகும்போது பீரோ, கட்டில், கேஸ் அடுப்பு, தையல் மெஷின் எல்லாவற்றையும் மனையில் அதனதன் இடத்திலேயே விட்டு, மேலே தார்ப்பாயையும் போர்த்திவிட்டுத்தான் போகும். தண்ணீர்க் குழாயை மறக்காமல் மூடும். அந்த வகையில் அதைக் குறை சொல்ல முடியாது. 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொன்னவர்கள், கட்டின வீட்டைக் கிறிஸ்துமஸுக்கு நிற்க வைத்துப் பார் என்பதையும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

சுகிர்தத்தின் கவலை அவள் அக்கா கனகபாயைப் பற்றியது. அப்பா போன பிறகு, இளையவளுக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பது மூத்தவள் கடமை என்று அக்கா எடுத்துக்கொண்டாள். எட்டு வருஷமாக மார்த்தாண்டத்திலிருந்து ஜாண்ரோஸ் அத்தானோடு ரயிலேறி, முந்திரிக்கொத்து ஒரு டின், அச்சு முறுக்கு ஒரு டின் என்று சுமந்து வருகிறாள். எட்டு வருஷமும் வந்து இறங்கும்போது தங்கை வீடு இருந்த இடத்தில் தார்ப்பாய்தான் இருந்தது. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். கிறிஸ்துமஸ் சாப்பாடு எதிர்வீட்டு மைதிலி மாமி வீட்டில் நடந்தது. மாமி தங்கமான மனுஷி. தலைவாழை இலை போட்டு, வெண்டைக்காய் சாம்பாரும் அப்பளமும் பாயசமுமாய் அள்ளி அள்ளி வைப்பாள். ஆனாலும் எட்டுக் கிறிஸ்துமஸ் ஆட்டிறைச்சி இல்லாமல் போவது அந்தக் குடும்பத்தில் லேசான விஷயமல்ல. அத்தானுக்கு வேறு, சொந்தக் கட்டிலைத் தவிர எதில் படுத்தாலும் மத்தியானத் தூக்கம் வராது. எட்டு வருஷமும் சாப்பிட்ட பிறகு தெருவில் உலாத்திக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் டிசம்பர் முதல் தேதியே அக்கா போன் செய்துவிட்டாள்.

"ஏட்டி சுகிர்தம், இது ஒம்பதாவது வருசம். நான் வரும்போ மட்டும் உனக்க வீட்டுக்கு ஊருக்குப் போணும். எங்களைப் பிடிக்கலேண்ணா வாயைத் தொறந்து சொல்லிரு."

"பிடிக்காம என்னக்கா? அது கிளம்புனா நான் என்ன செய்ய?"

"இந்த வருசமும் சாம்பாருண்ணா, அடுத்த வருசத்திலிருந்து பலகாரத்தைப் பார்சல்ல போட்டு அனுப்பிருவேன். கேட்டியா?"

அக்கா சொன்னால் செய்வாள். சுகிர்தம் போனை வைத்தாள். அப்பா அம்மா இல்லாத உலகத்தில் அவளுக்கென்று ரயிலேறி வருகிறவள் அந்த ஒருத்திதான்.

அன்று சாயங்காலமே, வீட்டைக் கட்டிய கொத்தனார் செங்கேணியை வரவழைத்துக் கேட்டாள். அவர் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"வூட்டுக்கு ஊர் நெனப்பு வந்துட்டா கெளம்பத்தாம்மா செய்யும். அதோட ஊர்ல கிறிஸ்மஸுக்கு எப்பிடி ஜோடிப்பாங்களோ அப்பிடியே இங்க ஜோடிச்சிருங்க. ஊரே இங்க வந்துட்ட மாதிரி இருந்தா அது எங்க போவும்?"

"அதுக்கு எது ஊரு?"

"அத்த அதுகிட்டதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு செங்கேணி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

சுகிர்தம் அதற்குள் கடையிலிருந்து பிளாஸ்டிக் மரம் ஒன்றும், ஏழு நிறத்தில் மாறி மாறி மின்னும் பிளாஸ்டிக் நட்சத்திரம் ஒன்றும் வாங்கி வைத்திருந்தாள். வாங்கியதை வீணாக்குவானேன் என்று முதலில் அவற்றை மாட்டிப் பார்த்தாள். மறுநாள் காலையில் வீட்டின் வடகிழக்கு மூலை தரையிலிருந்து அரை அடி எழும்பி நின்றது. இருபத்து மூன்றாம் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இப்போதே கிளம்பும் எண்ணத்தில் இருக்கிறது என்று புரிந்துகொண்டு எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் போட்டாள்.

அடுத்து அவள் வீட்டுக்காரர் ஆசீர் களத்தில் இறங்கினார். பத்திரம் தன் பேரில் இருக்கிறது, ஆகவே தன் ஊரான தூத்துக்குடிதான் வீட்டுக்கும் ஊர் என்பது அவர் கட்சி. பனையோலை வரவழைத்து, நான்கு நாள் உட்கார்ந்து தோரணம் பின்னினார். ஓலையிலேயே நட்சத்திரம், ஓலையிலேயே மீன், ஓலையிலேயே கிலுகிலுப்பை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீடு மரியாதைக்கு இரண்டு நாள் அணிந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் அத்தனையும் காம்பவுண்டுச் சுவர்மேல் ஒரு ஓலைகூட முறியாமல் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மூலை இப்போது ஒரு அடி எழும்பியிருந்தது. அதன் அடியில் ஒரு பூனை படுத்துத் தூங்கியது.

"உன் வீடு உன்னை மாதிரியே. வேண்டாம்னு வாயால சொல்லாது" என்றார் ஆசீர். அவருக்கு வருத்தம்தான், ஆனாலும் மூன்று இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

சுகிர்தம் டீயை எடுத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஜனவரி இரண்டாம் தேதியும் அது திரும்பி வரும்போது அடிப்பகுதி முழுவதும் செம்மண் அப்பியிருக்கும். ஊர் சுற்றிவிட்டு வந்த பிள்ளையைத் திட்டுவதுபோலத் திட்டிக்கொண்டே அவள்தான் குழாய் வைத்துக் கழுவிவிடுவாள். எட்டு வருஷமாகக் கழுவியவள் அது எந்த ஊர் மண் என்று கேட்டதில்லை. தூத்துக்குடியில் ஆசீரின் தெரு உப்பு மண். போன வருஷம் படியில் ஒரு ரப்பர் மரத்து இலைகூட ஒட்டியிருந்தது.

அவள் பார்வை வாசற்கதவில் போய் நின்றது.

அது அயனிப் பலகைக் கதவு. செம்மண்ணும் ரப்பர் தோட்டமுமான மார்த்தாண்டத்தில் அப்பா வீட்டுக் கொல்லையில் நின்ற ஒரே அயனி மரம். அக்கா வீடு கட்டும்போது அப்பா அதை வெட்டி, தூர்ப் பாதியில் அக்காவுக்குக் கதவு செய்து கொடுத்தார். நுனிப் பாதியைப் பத்திரமாக வைத்திருந்து பிற்பாடு சுகிர்தத்துக்குக் கொடுத்தார். மூத்தவளுக்குத் தூர், இளையவளுக்கு நுனி. அந்தக் குறை அவள் மனசில் இன்னும் கொஞ்சம் கிடந்தது. மற்றபடி செங்கல்லும் மணலும் செங்கல்பட்டுப் பக்கம் வாங்கியவைதான். ஆனால் ஒரு வீட்டில் முடிவெடுப்பது கதவுதான் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கதவு கிளம்பினால் சுவர்கள் பின்னால் போயாக வேண்டும்.

"பாவி மட்டை, இதைச் சொல்லக்கூடாதா?" என்று கதவைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். உடனே எழுந்து கேழ்வரகை ஊறப்போட்டாள்.

அதற்குப் பிறகு பத்து நாள் அவள் ஓயவில்லை. முளைகட்டிய கேழ்வரகைத் தேங்காய்ச் சிரட்டைகளில் விதைத்து, கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கான புல்லை வளர்த்தாள். மைதாப் பசை காய்ச்சினாள். கரப்பான் நக்காமலிருக்க அதில் துளி மயில்துத்தம் போட்டாள். ஆசீர் மனக்கசப்பை மறந்து மூங்கில் சிம்பு சீவிக் கொடுத்தார். சிவப்பும் பச்சையுமாய்க் கண்ணாடித் தாள் ஒட்டி, உள்ளே நாற்பது வாட் பல்பு வைத்து, ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று தயாரானது. ஒரு முனை மட்டும் லேசாகக் கோணிக்கொண்டது. சவுக்குக் கிளையை மணல் வாளியில் நட்டார்கள். சுவருக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்தார்கள். முன்னறை மூலையில் வைக்கோல் வேய்ந்து குடில் கட்டி, காக்கித் தாளைக் கசக்கி மலையாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, மைக்கேல் அண்ட் சன்ஸ் என்ற புதுக் கடையில் வாங்கிய ஆடு, மேய்ப்பன் முதலான சுரூபங்களை வரிசையாக வைத்தாள்.

மூலை அரை அடி இறங்கியது. அதற்குமேல் அசையவில்லை.

இருபத்தொன்றாம் தேதி முழுக்க அவள் குடிலையே சுற்றிச் சுற்றி வந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆசீர்தான் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உங்க அப்பா வீட்டுக் குடில்ல ஆடு மேய்ப்பனைவிட ஆடு பெரிசா இருக்குமே."

உண்மைதான். அங்கே ஒவ்வொரு சுரூபமும் ஒவ்வொரு திருவிழாக் கடையில் வாங்கியது. ஆடு மேய்ப்பன் ஆட்டின் முழங்கால் உயரம்தான் இருப்பான். அந்த ஊரில் எந்த வீட்டுக் குடிலைப் பார்த்தாலும் அப்படித்தான். வீட்டுக்கு வீடு வாசற்படி. சுகிர்தம் அளவெடுத்தாற்போன்ற ஆடுகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பொம்மைக் கடையில் முயல் சைஸில் ஒரு ஆடு வாங்கி வந்து குடிலின் முன்னால் நிறுத்தினாள்.

பூனை எழுந்து போயிற்று. வீடு மெதுவாக, ஒரு பெருமூச்சோடு உட்கார்ந்தது. மூலையின் அடியில் ஆசீரின் இடது செருப்பு அகப்பட்டுக்கொண்டது. அதை இழுத்தால் வீடு மனம் மாறினாலும் மாறிவிடும் என்று விட்டுவிட்டார்கள். ஆசீர் அன்றிலிருந்து ஷூ போட ஆரம்பித்தார்.

இருபத்து மூன்றாம் தேதி காலையில் தெருவின் மற்ற கிறிஸ்தவ வீடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சுகிர்தம் கதவில் கை வைத்தபடியே நின்றாள். கடைசி வீடு தெருமுனை திரும்பும் வரை அவள் வீடு அசையவில்லை. தெற்கு ஜன்னலை மட்டும் ஒருமுறை திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டது.

மறுநாள் காலை ஆட்டோவிலிருந்து இறங்கிய கனகபாய் கேட்டருகே நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள் அத்தானிடம்.

"இருக்கு" என்றார் அத்தான்.

உள்ளே வந்து, நட்சத்திரம் கோணல் என்றாள். சுண்ணாம்பில் நீலம் ஜாஸ்தி என்றாள். குடிலின் முன்னால் வந்தபோது குனிந்து அந்தப் பெரிய ஆட்டை ஒரு விரலால் தடவினாள்.

கிறிஸ்துமஸன்று ஆராதனை முடிந்து வந்து, மத்தியானம் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஆட்டிறைச்சி பிரியாணி, தேங்காய் அரைத்துவிட்ட இறைச்சிக் குழம்பு, கோழி வறுவல். மைதிலி மாமிக்குத் தனியாக லெமன் சாதம் கொடுத்தனுப்பியாகிவிட்டது. அக்கா முதல் வாய் வைக்கும் வரை சுகிர்தம் தன் தட்டைத் தொடவில்லை. அக்கா மென்றாள், விழுங்கினாள், குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். சுகிர்தத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

இரண்டாம் முறை சோறு வாங்கியபோது அக்காவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

"எங்க பக்கத்து வீட்டு ஞானம்மை ஒரு காரியம் சொல்லுவா. நாங்க இங்க வந்த பொறவு, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்க கொல்லையில ஒரு வீடு வந்து நிக்குமாம். மெட்ராஸ் வீடு மாதிரி, மெலிஞ்ச கதவாம். எங்க வீடும் அதும் ஒட்டிக்கிட்டு நிக்குமாம். புதுவருசம் கழிஞ்சு நாங்க திரும்பி வருமுன்ன போயிருமாம்."

"நீ எங்கிட்ட சொல்லவே இல்லியேக்கா?"

"ஆருக்க வீடோண்ணு விட்டுட்டேன்."

அக்கா எலும்பைத் தட்டோரம் வைத்தாள். நிமிர்ந்து வாசற்கதவைப் பார்த்தாள், மெலிந்த அயனிக் கதவை.

"எட்டு வருசமா அது வந்திருக்கு" என்றாள். "நாங்கதான் வீட்டுல இல்ல."

அப்போது எதிர்வீட்டுப் படியிலிருந்து மைதிலி மாமியின் குரல் கேட்டது. "சுகிர்தம்! வாசல்ல ஒரு வீடு வந்து நிக்கறது பாரேன். உங்க மனுஷாளா?"

எல்லாரும் கை கழுவாமலே எழுந்து வந்தார்கள். ஓட்டு வீடு. முன்படி முழுக்கச் செம்மண். நெடும்பயணத்தில் ஐந்தாறு ஓடுகள் விலகியிருந்தன. அகலமான அயனிக் கதவில் அக்கா மாட்டிவிட்டு வந்த பூட்டு அப்படியே தொங்கியது. இளையது இந்த வருஷம் வரவில்லையே என்று மூத்தது பார்க்க வந்திருந்தது. சுகிர்தத்தின் வீடு தன் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துகொண்டது.

ஆசீர் ஸ்கூட்டரை ஓரமாக நகர்த்தி இடம் விட்டார்.

"கண்ணாடித் தாள் மிச்சம் இருக்கா பிள்ளே?" என்றாள் அக்கா. "அதுக்கும் ஒரு நட்சத்திரம் ஒட்டு. சாயங்காலத்துக்குள்ள தொங்கவிட்டுரணும். கோணலா இருந்தாலும் பரவாயில்ல."

அத்தான் மடியிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, உள்ளே போய், தன் கட்டிலில் படுத்து மத்தியானத் தூக்கம் போட்டார்.