ஒரு கைப்பிடி மினரல் மிக்சர்

மீன்வளம் படித்துவிட்டுக் கோழிப்பண்ணைக்கு வாக்கப்பட்டவள் நான். தூத்துக்குடியில் படிப்பை முடித்த கையோடு புதுச்சத்திரத்துக்கு வந்து சேர்ந்தேன். இங்கே பேச்சு மூச்செல்லாம் முட்டைதான். கல்யாணத்துக்கு பீரோ வேண்டாம், கடல்நீர்த் தொட்டி போதும் என்று அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கி வந்தேன். ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் அது நீல வெளிச்சத்தோடு உட்கார்ந்த அன்று என் மாமனார் சின்னண்ணன் ஒன்றுதான் சொன்னார்.

"தண்ணிக்கு உப்பை வெலைக்கு வாங்கிப் போடற ஊட்ட இப்பத்தான் பாக்கறேன்."

அதையும் மாமியாரைப் பார்த்துத்தான் சொன்னார். என்னிடம் நேராகப் பேச அவருக்குக் கூச்சம். ஆனால் சாயங்காலமானால் செய்தி பார்க்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். நாற்காலி தொட்டியைப் பார்த்துத்தான் இருக்கும். பாறையில் ஒட்டிப் பூப்போல விரியும் அனிமோன் என்ற கடல் உயிருக்கு அவர் வைத்த பெயர் பூவு. அதன் விரல்களுக்குள் ஆரஞ்சு மீன் ஜோடி புரளும்போது, செய்தியில் முட்டை விலை சொன்னால்கூடத் திரும்ப மாட்டார். சனிக்கிழமை மட்டும் நாற்காலி வராது. அன்று அவருக்குப் பெருமாள் விரதம்; பூவுக்குப் போடும் இறால் வாசம் ஆகாது.

ஒருநாள் சாப்பிடும்போது என் கணவர் தமிழரசு, தொட்டியில் வைத்த பவளம் ஏன் வளரவேயில்லை என்று கேட்டார்.

"கால்சியம் பத்தலீங்க. கோழி முட்டைக்கு ஓடு கட்டற மாதிரிதான் இதுவும். மருந்துக்கு ஆர்டர் போட்டிருக்கேன், இன்னும் வரல" என்றேன். மாமனார் குனிந்து ரசஞ்சோறு பிசைந்துகொண்டிருந்தார். காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

அந்த வாரம் அம்மா வீட்டுக்கு ராசிபுரம் போய்த் திரும்பினேன். தொட்டி கலங்கிக் கிடந்தது. அனிமோன் சுருங்கி, வாயைப் பிளந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பவளங்கள் எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. மணல்மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. விரலால் எடுத்து முகர்ந்தேன். தீவனக் குடோன் வாசம். கோழிக்குப் போடும் மினரல் மிக்சர். அதில் தாமிரம் உண்டு. கோழிக்கு அது சத்து, அனிமோனுக்கு விஷம்.

எனக்கு ஆத்திரம் வந்தால் கண் மண் தெரியாது. மாமனாரைத் தவிர வேறு யாரும் தொட்டிப் பக்கம் போக மாட்டார்கள். பெரியவர் என்றும் பாராமல் பண்ணைக்கே போய்க் கேட்டுவிடுவது என்று செருப்பை மாட்டினேன். அவரே வாசலில் நின்றிருந்தார்.

"ஏங்கண்ணு, பூவுக்கு என்னாச்சு?" கல்யாணமாகி வந்த நாள் முதலாய் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. "ஓடு மெலிஞ்சா கோழிக்கு இதத்தான போடறோம். மருந்து வர்ற வரைக்கும் தாங்கோணுமேன்னு ஒரு கைப்புடி போட்டேன் சாமி."

செருப்பைக் கழற்றினேன். இப்படி ஒரு மனிதரை என்னவென்று திட்டுவது?

"புதுத் தண்ணியில மாத்தோணுங்க மாமா. உப்பு இருக்குது. பெரிய பொட்டிதான் வேணும். இரும்பு, பித்தளை ஆவாது."

மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தார். பண்ணைக்குத் தடுப்பூசி வரும் தெர்மாகோல் பெட்டிகளைக் கழுவி, அடுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கரைத்து, காற்று மோட்டாரை விட்டேன். அனிமோனின் அடிப்பாகத்தை நகத்தால் மெல்ல மெல்ல நெம்பினேன். அவர் டார்ச் பிடித்தார். பவளங்களையும் மீன்களையும் மாற்றிவிட்டுத் தொட்டியைக் காலி செய்தோம்.

நாட்கள் போயின. மீன்கள் தேறிவிட்டன, பவளங்களும் மெல்லத் தலை நீட்டின. அனிமோன் மட்டும் திறக்கவில்லை. மாமனார் நாற்காலியை டி.வி. பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். மாமியாரிடமும் கணவரிடமும் வெயிலால் வந்தது என்று சொல்லி வைத்தேன். அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்றிருந்தது.

முட்டை வியாபாரி வீரபாகு வந்தபோது, "என்னுங்க, தொட்டி காலியாக் கெடக்குது?" என்று கேட்டார்.

"வெயிலுங்கண்ணா. தண்ணி சூடாயிருச்சு" என்றேன்.

"வெயிலுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் மாமனார். "நாந்தான் கோழி மினரல அள்ளிப் போட்டேன். எம்பட மவளா இருந்திருந்தா ஊரக் கூட்டியிருக்கும். இந்தப் புள்ள என்னைய ஒரு வார்த்த கேக்கல."

காபி டம்ளரை எடுக்கும் சாக்கில் அடுப்படிக்குள் போய் அழுதேன். இந்த ஊரில் அப்பா பக்கத்தில் இல்லாத குறை அன்றைக்குத் தீர்ந்தது.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தேன். அனிமோன் ஓரத்தில் இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்கள் விரிந்திருந்தன. ஆரஞ்சு மீன் ஒன்று முதுகை உரசிக்கொண்டு உள்ளே நுழைந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. நாற்காலியைத் தூக்கிவந்து பெட்டிக்கு முன்னால் போட்டேன்.

மாமனார் வந்து உட்கார்ந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பசியா இருக்குமா கண்ணு? இனி உன்னையக் கேட்டுட்டுத்தான் எதுவும் போடுவேன்."

"இறால் குடுக்கலாங்க மாமா. பொடியா நறுக்கி. ஆனா ஊட்டுல இல்ல. இன்னைக்குச் சனிக்கெழம வேற, நாளைக்கி வாங்கிக்கலாம்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பெருமாளே கடல்ல படுத்திருக்கறவருதான? அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, மீன்கடைக்கு மொபெட்டைக் கிளப்பினார்.