இந்தக் காதா, அந்தக் காதா

1

இந்தக் கதை எனக்குக் காது பரிசோதனைக் கூடத்தில் கிடைத்தது. கிடைத்தது என்று சொன்னால் பாதிப் பொய். கேட்டு வாங்கினேன்.

ஆறு மாதமாக வலது காதில் ஒரு ரீங்காரம். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு போனேன். சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதுகளை மூடும் கருவியைத் தலையில் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் அங்கே பரிசோதனை செய்கிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"சத்தம் கேட்டா அமுக்குங்க மேடம். கேட்ட மாதிரி இருந்தாலும் அமுக்குங்க."

வெளியே வந்ததும், இந்த வாக்கியத்தை ஒரு கதையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சிரித்தாள். நான்காவது முறை, எனக்குக் காது மெஷின் பொருத்தப் போனபோது, அவளே ஆரம்பித்தாள். ஒரு விஷயம் இருக்கிறது, எழுதலாம், ஆனால் மூன்று நிபந்தனை என்றாள். பேரும் ஊரும் வரக் கூடாது. அவள் கணவன் எந்தப் பிரிவு என்று வரக் கூடாது. மூன்றாவதைச் சொல்வதற்கு முன்னால் என் காதில் மெஷினைச் சரியாக அழுத்திவிட்டாள், தப்பாகக் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

"நான் ஜன்னலோரமா நின்னு அவருக்காக வழி பார்த்துக்கிட்டிருந்தேன்னு எழுதக் கூடாது. எனக்கு அதுக்கெல்லாம் நேரமே இல்ல."

2

முதல் தொடக்கம்: மாலை வெயில் மங்கும் நேரம், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவள்—

(அடித்துவிட்டேன். கை தானாக எழுதிவிட்டது, நம்புங்கள்.)

இரண்டாவது: போர் என்பது எல்லையில் மட்டும் நடப்பதில்லை, அது ஒவ்வொரு வீட்டின்—

(இதைப் படித்தால் அவள் என் மெஷினைத் திருப்பி வாங்கிக்கொள்வாள்.)

மூன்றாவது: அவள் கணவனுக்குப் பூட்டிய கதவுகளைத் திறக்கிற வேலை.

இது இருக்கட்டும். உண்மையும் இதுதான். அவன் ராணுவத்தின் சிறப்புப் படையில் இருப்பவன்.* உள்ளே ஆபத்தான ஆட்கள் இருக்கும் கட்டடத்தில் முதல் கதவை வெடி வைத்துத் திறப்பது அவன் பொறுப்பு. திறந்ததும் மற்றவர்கள் உள்ளே ஓடுவார்கள். பயிற்சியிலும் நிஜத்திலுமாகப் பதினான்கு வருடம், எத்தனை கதவுகள் என்று அவனுக்கே தெரியாது. ஒவ்வொரு வெடியின்போதும் கதவுக்குப் பக்கத்தில் நிற்பவன் அவன்தான், எப்போதும் இடது தோளைக் கதவுப் பக்கம் கொடுத்து.

எங்கே போகிறான் என்று வீட்டில் சொல்ல முடியாது. எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. அக்கம்பக்கத்தில் கேட்டால் கப்பலில் வேலை என்பாள். ஒரு முறை எதிர்வீட்டுக்காரர் எந்தக் கப்பல் என்று கேட்டுவிட்டார். "பெருசு" என்றாளாம்.

\* இந்தச் சொல்லை ஒரே ஒரு முறைதான் எழுதுவேன். எழுதினால் எனக்கே மார்பு நிமிர்கிறது. கதைக்கு அது நல்லதில்லை.

3

நான்கு மாதம் கழித்து அவன் வீட்டுக்கு வந்தான். கதை இங்கேதான் தொடங்குகிறது.

அவர்களுக்கு எட்டு வயதில் ஒரு மகள். குரல் மெல்லியது, கீச்சென்று இருக்கும். அதனால் அப்பா வைத்த செல்லப் பெயர் குருவி. முதல் இரண்டு நாள் குருவி அவன் மடியை விட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள், படம் வரைந்த நோட்டோடு அவன் பக்கத்தில் நின்று, "அப்பா, இங்க பாருங்களேன்" என்றாள். அவன் திரும்பவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு முறை கூப்பிட்டாள். பிறகு நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்படிப் பத்துப் பதினைந்து தடவை. களைப்பு என்று குழந்தை முதலில் நினைத்தாள். பிறகு கோபம் என்று முடிவு செய்தாள். என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்திருக்கிறாள். இரண்டாவது வாரம் முதல் அப்பாவிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். எல்லாம் அம்மா வழியாகத்தான்.

"அம்மா, நாளைக்கு எனக்கு லீவுன்னு அப்பாகிட்ட சொல்லிடு."

"அவர் இங்கதானே உட்கார்ந்திருக்கார், நீயே சொல்லேன்."

"நீயே சொல்லிடும்மா."

மனைவி என்ன நினைத்தாள்? இவன் உடம்போடு வந்துவிட்டான், மனசு இன்னும் வரவில்லை என்று நினைத்தாள். அப்படி நடக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் அவன் ஒரு நொடி பிந்திச் சிரித்தான். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் தலையாட்டினான். பகலெல்லாம் ஊராரின் காதுகளைச் சோதிக்கிறவளுக்கு இது தோன்றவில்லையா என்று கேட்டேன். நியாயமான சந்தேகம்தானே, நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"கிளினிக்ல வர்றவங்க எல்லாம் 'எனக்குக் கேக்கலை'ன்னு சொல்லிக்கிட்டு வருவாங்க மேடம். இவர் சொல்லலையே."

(இந்தக் கணவன் பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. முதல் வடிவத்தில் அவனைக் கருங்கல் மாதிரி எழுதியிருந்தேன். அகன்ற தோள், பேசாத உதடு, தூரத்தில் எதையோ பார்க்கும் கண்கள். படித்துக் காட்டியதும், "யாரு மேடம் இது? எங்க வீட்டுக்காரர் கரப்பான்பூச்சிக்குக் கட்டில் மேல ஏறுறவர்" என்றாள். கருங்கல்லை எடுத்துவிட்டேன்.)

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையில் அவனும், அவனுக்கு இடது பக்கத்தில் அவளும். குருவி உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். பேசும்போது அவன் தன் கண்களைப் பார்க்கவில்லை, வாயைப் பார்க்கிறான் என்பது சட்டென்று அவளுக்கு உறைத்தது.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுவார்கள். அப்போது பரிசோதனை செய்கிறவர் வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொள்வார். இல்லையென்றால் ஆள் உதட்டைப் படித்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

மேசையில் குருவியின் கணக்கு நோட்டு இருந்தது. அதை எடுத்து, ஏதோ படிப்பதுபோல் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, சாதாரணக் குரலில் சொன்னாள்:

"உங்க பொண்ணு உங்களைப் பார்த்துப் பயப்படுறா."

அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

"சரி, பண்ணிடலாம்" என்றான்.

5

(இதற்குப் பிறகு ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவள் நெஞ்சில் என்னென்னவோ நொறுங்கின. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவள் நோட்டைக் கீழே வைத்தாள், தட்டுகளை எடுத்தாள், கழுவினாள். அவ்வளவுதான் நடந்தது.)

6

அன்று மத்தியானம் அவனுடைய வலது பக்கம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டாள். அவன் மறுக்கவில்லை. ஒரு வருடமாகத் தெரியும் என்றான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?" அதுதான் அவனுடைய முதல் கேள்வி.

"இல்ல. டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாங்க."

"டெஸ்ட் பண்ணா எழுத்துல வரும். எழுத்துல வந்தா என்னை மேசையில உட்கார வச்சிடுவாங்க. நான் பேப்பர் தைக்கவா பதினாலு வருஷம் கத்துக்கிட்டேன்? இன்னும் மூணு வாரத்துல கூப்பிடுவாங்க. போயிட்டு வந்து பார்த்துக்கலாம்."

"உங்க இடது பக்கத்துல ஒருத்தர் 'நில்லு'ன்னு சொன்னா?"

அவன் பதில் சொல்லவில்லை. இந்த முறை அவனுக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

அவள் மாட்டிக்கொண்டது இங்கேதான். மேலே சொன்னால் புருஷனுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அவனோடு ஓடுகிற ஐந்தாறு பேருடைய வீடுகளுக்குத் துரோகம். யாரிடமாவது கேட்கலாம் என்றால், கப்பலில் வேலை செய்கிறவருக்கு இதெல்லாம் எப்படி வரும்?

7

அந்தப் படைக் குடும்பங்களுக்கென்று சனிக்கிழமை காலைகளில் ஒரு கூட்டம் நடக்கும். நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை, வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், நடத்துவது ஒரு சமூகப் பணியாளர். எட்டு வருடமாக அழைப்பு வந்துகொண்டிருந்தது. அவள் போனதே இல்லை. போனால் வீட்டில் ஏதோ கோளாறு என்று ஆகிவிடுமே.

அந்தச் சனிக்கிழமை போனாள். பத்துப் பேர் இருந்தார்கள். ஓரமாக உட்கார்ந்தாள். சமூகப் பணியாளர் எதுவும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து இவளே வாயைத் திறந்தாள். காது என்ற ஒரு வார்த்தை வந்ததுமே, எதிரில் இருந்த ஒரு பெண் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் பாலம் கட்டுகிற என்ஜினியர்.

"மன்னிச்சுக்கோங்க. எங்க வீட்லயும் இதேதான். நான் கூப்பிட்டா திரும்ப மாட்டார், ரெண்டு வருஷம் சண்டை போட்டோம். கல்யாணத்துல கோளாறுன்னு வக்கீல் வரைக்கும் போயிட்டோம். கடைசியில பார்த்தா காதுல கோளாறு."

எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். பிறகு நிறுத்த முடியாமல் அழுதாள். யாரும் 'அழாதீங்க' என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவள் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

முடிந்ததும் சமூகப் பணியாளர் அவளைத் தனியாக நிறுத்திக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் செய்யாதீங்கம்மா. நீங்க அவரை டெஸ்ட் பண்ணாதீங்க. வீட்ல அவருக்குப் பொண்டாட்டிதான் வேணும். படைக்குன்னு தனியா டாக்டர் இருக்கார், அவர்கிட்ட உங்க வீட்டுக்காரரே நேரா போகலாம். தானா போய்ச் சொல்றவங்களுக்கு வைத்தியம், வேற பொறுப்பு, எல்லாத்துக்கும் வழி இருக்கு. மறைச்சு மாட்டினாத்தான் கஷ்டம். ஆமா, பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. பெரியவர்கள் விஷயம் என்று நினைத்திருந்தாள்.

8

அன்று சாயங்காலமே குருவியிடம் சொன்னாள். அப்பாவுக்குக் கோபமே இல்லை, காது சரியில்லை, உன் குரல் மாதிரி மெல்லிய, கீச்சென்ற சத்தம்தான் அவருக்குக் கேட்பதில்லை என்று. குருவி எழுந்தாள். நேராகக் கூடத்துக்குப் போனாள். அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

என் வடிவம்: குருவி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா, என்னை உங்களுக்குப் பிடிக்கலையோன்னு நெனச்சேன்" என்று—

(அழகாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் கண் கலங்கியது. அவளைக் கேட்டேன். அப்படி நடக்கவில்லை என்றாள்.)

நடந்தது: குருவி அவன் எதிரே போய் நின்று, முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"அப்பா. இந்தக் காதா, அந்தக் காதா?"

அவன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். பிரஷ்ஷைக் கீழே வைத்தான். இடது காதைத் தொட்டுக் காட்டினான்.

"அப்ப நான் இந்தப் பக்கம் வரணும்" என்று சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னாள். பள்ளியில் யார் யாரோடு பேசுவதில்லை, தனக்கு எந்தப் பல் ஆடுகிறது, எல்லாம். அவன் ஒரு ஷூ பாலிஷோடும் ஒன்று பாலிஷ் இல்லாமலும் முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை படை டாக்டருக்கு அவனே போன் செய்தான்.

9

பரிசோதனைக்கு அவள் கூடப் போனாள். வாழ்க்கையில் முதல் முறையாகப் பரிசோதனை அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருப்பவர்கள் ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று எரிச்சல் வந்ததாம். அரை மணி கழித்து அவன் ஒரு தாளோடு வந்து நீட்டினான். ஒவ்வொரு காதுக்கும் ஒரு கோடு. ஆயிரக்கணக்கில் பார்த்த வரைபடம், இதை மட்டும் அவளால் உடனே படிக்க முடியவில்லை.

"மோசமா?" என்றான்.

"மெஷின் வச்சா சமாளிச்சிடலாம்" என்றாள். பிறகு, "பயமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"கதவு திறக்கறப்பகூட இவ்வளவு பயந்ததில்ல" என்றான். வேலையில் பயம் உண்டு என்று அவளிடம் அவன் சொன்ன முதல் வாக்கியம் அது.

10

இப்போது முடிவு.

ஒன்று: அவனைப் படையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பயிற்சிப் பள்ளியில், புதியவர்களுக்குக் காதைக் காப்பாற்றிக்கொண்டு கதவைத் திறப்பது எப்படி என்று—

இரண்டு: மெஷினோடு, வேறு பொறுப்பில், அதே குழுவில் அவனை—

இதில் எது நடந்தது என்று எனக்குத் தெரியும். போன வாரம் உத்தரவு வந்துவிட்டது. ஆனால் அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"ரெண்டையும் எழுதாதீங்க மேடம். எங்க மாதிரி வீட்ல யாராவது இதைப் படிப்பாங்க. வெளிய வந்துட்டார்னு எழுதினா, வீட்டுக்காரரை டெஸ்டுக்கு அனுப்பப் பயப்படுவாங்க. உள்ளயே இருக்கார்னு எழுதினா, நமக்கும் அப்படித்தான் ஆகும்னு நம்பிடுவாங்க. ரெண்டும் தப்பு."

அதனால் எழுதவில்லை. இவ்வளவு மட்டும் சொல்ல அனுமதி உண்டு: குருவி ஓயாமல் பேசுகிறாள் என்று அவன் இப்போது புகார் சொல்கிறான். அடிக்கடி மெஷினைக் கழற்றிவிட்டுத் தூங்குவதுபோல் நடிக்கிறான், குருவியிடம் மாட்டிக்கொள்கிறான்.

கடைசியாக ஒன்று. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவள் இப்போது விடாமல் போகிறாள். போன சனிக்கிழமை கூட்டம் பாதியில் இருந்தபோது கதவு கொஞ்சமாகத் திறந்தது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி. கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, உள்ளே வரலாமா, இப்படியே போய்விடலாமா என்று நின்றாள். சமூகப் பணியாளர் வேறு பக்கம் பேசிக்கொண்டிருந்தார். இவள்தான் எழுந்து போனாள். போய்விட்டாளே தவிர, என்ன சொல்வதென்று தெரியாமல், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் நின்றிருக்கிறாள். அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

"அடுத்த வாரமும் அவ வருவா மேடம். நீங்க எழுதறவங்க. முதல்ல என்ன சொல்லணும்னு ஒரு வரி எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

நாலு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். இருபது வரி எழுதி, இருபதையும் அடித்துவிட்டேன். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள். 'பயப்படாதீங்க' என்று மட்டும் தொடங்க வேண்டாம். அது வேலைக்கு ஆகாது என்று அவள் ஏற்கனவே சொல்லிவிட்டாள்.

"..........................................................."