வயிறு நுழையாத இடம்

படகு வாங்குகிறவர்களுக்காக அதன் கூட்டை, அதாவது வெளி உடம்பை, தட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது அவர் தொழில். சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டுவார். 'டங்' என்றால் ஃபைபர் ஆரோக்கியமாக இருக்கிறது. 'தொப்' என்றால் உள்ளே அடுக்குகள் பிரிந்து ஈரம் குடியேறிவிட்டது. ஊரிலுள்ள படகுகளுக்கெல்லாம் குறை சொன்ன மனிதர், தன் சட்டைப் பொத்தான்கள் நாலு வருடமாகப் படும் பாட்டைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியதில்லை.

அவருடைய தங்கையும் அவள் கணவரும் வீட்டை விற்றுவிட்டு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கப் போனார்கள். பெருங்கடலைத் தாண்டிப் போவதாகத் திட்டம். கரையே தெரியாமல் இருபத்தைந்து நாள்.

"நம்ம மச்சான் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்றார் மாப்பிள்ளை.

மச்சானும் மூன்று நாள் மாய்ந்து மாய்ந்து பார்த்தார். சுக்கான், மேல்தளம், அடியில் கனத்தைத் தாங்கும் போல்ட்டுகள், எதையும் விடவில்லை. மிச்சமிருந்தது முன்பக்கக் குறுக்குச் சுவர். அலை அறையும்போது கூடு நசுங்காமல் தாங்குவது அந்தப் பலகைதான். அது கூட்டோடு ஒட்டியிருக்கும் விளிம்பைப் பார்க்க, கட்டிலுக்கடியில் இருக்கும் பொந்துக்குள் தவழ்ந்து போகவேண்டும்.

தலை போனது. தோள் போனது. வயிறு வரமாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது. மூச்சை இழுத்துப் பார்த்தார், பக்கவாட்டில் புரண்டு பார்த்தார், கடைசியில் கால்கள் மட்டும் வெளியே நீச்சலடித்தன.

"அண்ணா, உள்ள என்ன பண்றே? டீ ஆறுது!" என்றாள் தங்கை, படிக்கட்டிலிருந்து.

பின்வாங்கி வெளியே வந்தவர் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு, "பிரமாதம்" என்றார். அறிக்கையிலும் அப்படியே வந்தது: குறுக்குச் சுவர் ஒட்டு, பார்வையிடப்பட்டது, நன்று. நுழைய முடியவில்லை என்று எழுதுவதற்குக் கை வரவில்லை.

படகைக் கடலில் இறக்கும் நாள் காலை. கிரேன்காரர் படகைத் தூக்கப் பெல்ட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே, வரைபட மேசைக்கு மேல், அவர் அறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள் தங்கை.

"சாமி படம் மாதிரி வெச்சிருக்கேன். புயல் வந்து பயமா இருந்தா இதைப் படிச்சுக்குவேன். எங்கண்ணன் பாத்த படகு, ஒண்ணும் ஆகாதுன்னு."

அவருக்குக் காது மடல் சுட்டது. மேலே வந்து மாப்பிள்ளையைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்தபடி, "முன்னால இருக்கிற சுவரு... அதை நான் பாக்கலை" என்றார்.

"பாத்தேன்னு எழுதியிருக்கீங்களே, மச்சான்?"

"எழுதினேன். பாக்கலை. வயிறு போகலை, மாப்பிள்ளை."

கிரேன்காரருக்குச் சிரிப்பு பீறிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

பின்னாலேயே மேலே ஏறி வந்திருந்த தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டாள். கீழே போய், ஒரே நெளிப்பில் பொந்துக்குள் போய்விட்டாள். அவரும் தொடர்ந்து போய் வெளியே மண்டியிட்டார்.

"என்ன பாக்கணும்? சொல்லு" என்றது அவள் குரல்.

"சுவரோரமா ஃபைபர் பட்டை ஒட்டியிருக்கும். கூட்டுக்கும் பட்டைக்கும் நடுவுல ஏதாவது காகிதம் சொருகிப் பாரு. போகக் கூடாது."

"காகிதத்துக்கு எங்க போவேன்?"

சட்டைப்பையில் இருந்தது அவருடைய விசிட்டிங் கார்டு மட்டும்தான். நீட்டினார். ஒரு கை வாங்கிக்கொண்டது.

"போகுதுண்ணா."

"எவ்வளவு தூரம்?"

"பாதி கார்டு. பக்கத்துலயும் போகுது. இந்தப் பக்கம் பூராவும் போகுது."

பட்டை கூட்டைவிட்டுப் பிரிந்து எத்தனை வருடமோ. நடுக்கடலில் நாலு நாள் முரட்டு அலை அடித்தால் பலகை தனி, கூடு தனி. தங்கை வெளியே வந்தபோது முகமெல்லாம் தூசி.

"திட்டிடு" என்றார்.

"அதுக்கு நிறைய நாள் இருக்கு. இப்போ வேற ஆளு நம்பர் குடு. முழுசா, முதல்லேருந்து பாக்கட்டும். ஒல்லியான ஆளா."

மாப்பிள்ளை மேலே நின்று பெல்ட்டைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனே போனை எடுத்து, தொழிலில் தனக்குப் போட்டியாக இருந்த இன்னொரு படகு சர்வேயரை அழைத்தார். அந்தப் பக்கம் உற்சாகமாகக் கேட்டது:

"வரேன் சார், வரேன். இதுக்கு முன்னாடி யாராவது பாத்தாங்களா?"

தங்கை தூசியைத் துடைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றார். அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தரம் சொல்லவேண்டியிருந்தது.