மாவு இல்லாமல் ஓடிய கிரைண்டர்

எல்லம்மாள் கிரைண்டர் சுவிட்சைப் போட்டால் போதும், அதற்குள் ஒரு ஆள் இருமுவான். கல்லைக் கழற்றிக் கழுவியாயிற்று, பெல்ட்டை மாற்றியாயிற்று. மெக்கானிக் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மிஷின் நல்லாத்தானே கீது" என்று போய்விட்டான். அவனுக்கு எங்கே கேட்கப் போகிறது! இருமியது அவள் புருஷன் சதாசிவம். அந்த மனுஷனோ இன்றைக்கும் குத்துக்கல்லாட்டம் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறான்.

இதெல்லாம் ஆரம்பித்தது கொரோனா வந்த முதல் வருஷம். சிங்கப்பெருமாள் கோயிலில் கம்பெனிக்குப் போகிற கூட்டம் இல்லை, பஸ் இல்லை. கடைகளைப் பகலோடு மூடச் சொல்லிவிட்டார்கள். எல்லம்மாள் மட்டும் சாயங்காலமும் திருட்டுத்தனமாக இட்லி விற்றாள். பாதி ஷட்டருக்குள் குனிந்து நுழைகிறவர், போலீஸ் கண்ணில் படாமல் இட்லி வேகிறவரை உள்ளேயே நிற்க வேண்டும். ஷட்டரை இழுத்துவிடுவாள்.

அந்த நேரம் பார்த்தா சதாசிவத்துக்குக் காய்ச்சல் வர வேண்டும்? வெளியே தெரிந்தால் வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள், பிழைப்பில் மண். அவனைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்தாள். அவன் இருமும்போதெல்லாம் வெறும் கிரைண்டரை ஓடவிட்டாள், பாவி மனுஷி.

அவன் பிழைத்துக்கொண்டான். தினமும் இட்லிக்கு வந்து உள்ளே நின்ற ஜோயல் அதே காய்ச்சலில் போய்விட்டான். சிறுசேரிக்குக் கார் ஓட்டியவன், முப்பத்து நாலு வயசு.

அவன் மனைவி ஜாக்குலின் இன்னும் இங்கேதான் இட்லி வாங்குகிறாள். இன்று காலையும் வந்தாள்.

"இன்னிக்கு அவரு பொறந்த நாளு, அக்கா. ரேசன் கடையில நின்னு நான்தான் அந்தச் சீக்க ஒட்டிகினு வந்து அவருக்குக் குடுத்துட்டேன்" என்று வருஷா வருஷம் சொல்வதையே சொன்னாள்.

எல்லம்மாள் இட்லியைப் பொட்டலமாகக் கட்டி அவள் முன்னால் வைத்தாள். உண்மையைச் சொன்னால் இந்தத் தெருவில் கடை நடத்த முடியாது. சொல்லாவிட்டால் இந்தப் பெண் சாகிறவரை தன்னையே நொந்துகொண்டு கிடப்பாள். தொலையட்டும் கடை!

"நீ இல்லடி. எங்க வூட்டுக்காரருக்குத்தான் மொதல்ல வந்துச்சு. இரும்பறது கேக்கக் கூடாதுன்னு நான்தான் கிரைண்டரப் போட்டுவுட்டேன்."

ஜாக்குலின் கண் கலங்கவில்லை.

"தெரியும்க்கா. மாவில்லாம கிரைண்டர் ஓடறப்பவே அவருக்கும் தெரிஞ்சுடுச்சு. 'அண்ணாத்தக்கு முடியல போல, நாமளும் வாங்கலன்னா அந்தக்கா இன்னா பண்ணும்'னு சொல்லிட்டுத்தான் வந்தாரு. இத்தினி வருஷமா இங்க வந்து ரேசன் கடைன்னு நான் சொல்லிகினு இருந்தது, நீயா வாயத் தொறப்பியான்னு பாக்கத்தான்."

கட்டி வைத்த பொட்டலத்தை மெதுவாக எல்லம்மாள் பக்கமே தள்ளினாள்.

"இனிமே வரமாட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.