பேரம் பேசும் வீட்டில் லிங்கன்

புலம்பெயர்ந்து வந்து டண்டினொங்கில் துணிக்கடை வைத்திருக்கும் நூர்தீன் வீட்டில் யாரும் எதையும் முதல் சொல்லிலேயே ஒப்புக்கொள்வதில்லை. பல் விளக்கப் போவதற்குக்கூட ஒரு சுற்றுப் பேச்சு நடக்கும். அப்படிப்பட்ட வீட்டில்தான் பத்து வயது ஆஃபியா, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இனி வரமாட்டேன் என்று அறிவித்தாள்.

அந்த வகுப்பை நடத்துபவள் அவளுடைய உம்மா சுரையா. ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கொடுத்துவிட்டுத் தன் பிள்ளையைக் கோட்டைவிட்டாள் என்று நாலு பேர் சொல்வது அவளுக்குப் பெரிதல்ல. தான் எழுதுவதைத் தன் மகள் ஒருநாளும் வாசிக்க மாட்டாளோ என்பதுதான் அவளைக் குடைந்தது. ஆகவே ஓர் உடன்பாடு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறை ஒழிந்தது பற்றி அவள் வகுப்புக்கு எழுதியிருக்கும் பாடத்தை ஆஃபியா வாசிக்க வேண்டும். பிடித்தால் வகுப்பு, பிடிக்காவிட்டால் விடுமுறை.

ஆஃபியா குசினியில் சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு வாசித்தாள்.

“‘கருணையே உருவான லிங்கன் 1863ஆம் ஆண்டின் முதல் நாளில் அடிமைகள் அனைவரையும் விடுதலை செய்தார்.’ போரிங், உம்மா.”

தேநீர் குடித்துக்கொண்டிருந்த நூர்தீன் தலையை நீட்டினான். “எல்லாரையுமா? சண்டை புடிச்ச தென்பக்கத்து அடிமைகளத்தானே விட்டவர்? தன்ட பக்கம் நிண்ட மாநிலங்கள்ல கை வெக்கல்லியே.”

“சின்னப் புள்ளைகளுக்கு அதெல்லாம் எதுக்கு?” என்றாள் சுரையா.

“சின்னப் புள்ளைக்குத்தான் வெளங்கும். இஞ்ச பாருங்க மகள். எதிர்க்கடைக்காரன் நம்மளோட மல்லுக்கு நிக்கிறான். நான் என்ன செய்றன்? ‘அவன்ட கடைச் சரக்கெல்லாம் இனி இலவசம்’ எண்டு என்ட கடை வாசல்ல போர்டு போடுறன்.”

ஆஃபியாவின் கால் நின்றது. “தட்ஸ் சீட்டிங், வாப்பா!”

“தந்திரம்! லிங்கன் தென்பக்கத்துக்கு முன்கூட்டியே தவணையும் குடுத்தவர். வருசப் பிறப்புக்குள்ள நாட்டோட திரும்பிச் சேந்தா சரி, சேராட்டி அடிமைகள் உங்களுக்கு இல்ல எண்டு. ஆள் நல்ல வியாபாரி.”

“என்ட லிங்கனக் கொண்டுபோய்த் துணிக்கடையில இருத்திட்டீங்க,” என்று சுரையா முறைத்தாள். ஆனால் மகள் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதை அவளும் கவனிக்காமல் இல்லை.

“வாப்பா, சரக்கு எண்டா அந்த ஆக்களா?”

“ஓம்.”

“அவங்க என்ன சொன்னாங்க? யாராவது கேட்டாங்களா?”

நூர்தீன் கோப்பையைக் கீழே வைத்தான். விற்பவனின் குணம் அவனுக்குத் தெரியும், வாங்குபவனின் குணமும் தெரியும். துணி வாய் திறந்து அவன் கண்டதில்லை. சமாளிக்க முடியாத வாடிக்கையாளரைக் கூட்டாளி பக்கம் தள்ளிவிடும் பார்வையோடு மனைவியைப் பார்த்தான்.

“கேக்கிற வரைக்கும் அவங்க காத்திருக்கல்ல மகள்,” என்றாள் சுரையா. “ராபர்ட் ஸ்மால்ஸ் எண்டு ஒரு அடிமை. தென்பக்கத்துக் கப்பல் ஒண்டுல சுக்கான் புடிக்கிற வேலை. லிங்கன்ட அறிவிப்புக்கு முதலே, ஒருநாள் விடியமுன்ன, கப்டன் கரையில நித்திரை. இவர் கப்டன்ட தொப்பியப் போட்டுக்கிட்டு, பொஞ்சாதி புள்ளைகள ஏத்திக்கிட்டு, கோட்டையக் கடக்கக்குள்ள ஊத வேண்டிய சங்கையும் சரியா ஊதி, வடபக்கத்துக்குப் போய்ச் சேந்துட்டார்.”

“கப்பலோடவா?” என்றான் நூர்தீன்.

“பீரங்கியோட.”

“யா அல்லாஹ்! சரக்கே முதலாளிட லொறிய ஓட்டிட்டுப் போன மாதிரி!”

“சரக்கில்ல வாப்பா,” என்றாள் ஆஃபியா.

நூர்தீன் தலையாட்டினான். “ஓம் மகள். ஆள்.”

“அப்படிக் கால்நடையாவே தப்பி வந்தவங்க ஆயிரக்கணக்கு,” என்றாள் சுரையா. “பொறகு படையில சேந்து சண்டையும் புடிச்சாங்க. சண்டை முடிஞ்ச வருசந்தான் நாடு முழுக்க அடிமைமுறைய ஒழிக்கிற சட்டம் வந்திச்சு.”

“இத ஏன் நீங்க எழுதல்ல?”

சுரையா மகள் முன்னால் கிடந்த தாள்களைப் பார்த்தாள். பிள்ளைகளுக்குக் கடினம் என்று நல்ல துணியையெல்லாம் வெட்டியெறிந்துவிட்டுக் கரையை மட்டும் தைத்து வைத்திருந்தாள்.

ஆஃபியா தாள்களை அவள் பக்கம் தள்ளினாள். “ஓகே, நான் வாறன். ஆனா கப்பல்தான் முதல். லிங்கன் ரெண்டாம் பக்கம்.”

“முதல் பக்கத்திலயே, அடியில,” என்றாள் சுரையா.

“ரெண்டாம் பக்கம், மேல.”

“மேல, படத்தோட.”

“சின்னப் படம்.”

நடுவராக நூர்தீன் வாயைத் திறந்தான். “நீங்க சும்மா இருங்க!” என்று இருவரும் ஒரே குரலில் அடக்கினார்கள்.

சுரையா பழைய முதல் வரியைக் கோடிட்டு அடித்தாள். ஆஃபியா கதிரையை இழுத்து அவளோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு கேட்டாள்:

“கப்டன்ட தொப்பி அவருக்கு அளவா இருந்திச்சா, உம்மா?”