கடதாசி இல்லாத கார்

விசுவமடுவில் ஒரு தாயின் நம்பிக்கைக்கு விலை எட்டு இலட்சம் ரூபாய். நான் வைத்த விலை அல்ல, சந்தை வைத்தது. பழைய யப்பான் கார் ஒன்று, பதிவுக் கடதாசி சரியென்றால், பதினான்கு இலட்சத்துக்குப் போகும். அந்தத் தாய் வீரம்மாவின் கொட்டிலில் கடதாசி சரியில்லாமல் நின்ற காரை ஆறுக்கு மேல் கேட்க ஆளில்லை.

பதிவுப் புத்தகத்தில் சொந்தக்காரர் அவருடைய மகன் சஜீவன். வவுனியாக் கராஜில் திருத்தக் கொடுத்திருந்த நேரம் பாதை பூட்டுப்பட்டதால் கார் தப்பியது. சஜீவன் தப்பினானா என்பது தெரியாது. சண்டை முடிந்த கிழமை முள்ளிவாய்க்காலில் வாளியோடு தண்ணீர் எடுக்கப் போனவன் திரும்பவில்லை. காரைப் பெயர் மாற்ற அவன் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் அவன் இறந்ததற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் எடுக்க வீரம்மா இன்றுவரை சம்மதிக்கவில்லை.

நான் கிளிநொச்சியில் வாகனத் தரகன். விற்கிறவரின் அவசரம் தெரியாமல் விலை பேசாதே என்பது அப்பாவின் கடையில் கேட்டு வளர்ந்த வேதம். அதனால் முதல் நாளே கேட்டேன்.

"அப்ப ஏன் அம்மா விக்கிறியள்?"

"மழையில துரு தின்னுது தம்பி. அவன் வந்து பாத்தா என்னையத் திட்டுவான். காசா இருந்தா வேற ஒண்ணு வாங்கிக்குவான்ல."

மலையகத்திலிருந்து வந்து எத்தனையோ வருடமாகியும் அவர் பேச்சு மாறவில்லை. காரின் பின்சீற்றில் ஒரு கோழி அடைகிடந்தது.

"கோழியும் சேர்த்தோ ஆறு?"

"கோழி தனி வெல. அதுக்குக் கடதாசிப் பிரச்சினை இல்ல."

வழியனுப்பப் படலை வரை வந்தவர், வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார். "எம் மகன எங்கயாச்சும் பாத்தீங்களா? பச்சைக் கட்டம் போட்ட சட்டை. அன்னிக்குக் காலையிலதான் பொத்தான் தச்சுக் குடுத்தேன்."

இல்லை என்றேன்.

கார் தேடியவன் ஜனகன். சந்தியில் போன் திருத்துகிறவன். வலது கால் முழங்காலுக்கு மேலே இல்லை, அதே முள்ளிவாய்க்காலில் போனது. மனைவி பிரேமிளாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு மூன்று தரம் வவுனியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஓட்டோவுக்குக் காசு இல்லாத நாளில் போகாமல் விட்டு, மூச்சுத் திணறிக் கிடந்திருக்கிறாள். அடுத்த தரம் எழும்புவாளோ தெரியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். தானே ஓட ஒரு கார் இருந்தால் பெற்றோல் காசு மட்டும்தான் என்பது ஜனகனின் கணக்கு. கையிலிருந்தது எட்டு இலட்சம், தாலிக்கொடியும் சேர்த்து.

ஜனகனைக் கூட்டிக்கொண்டு வவுனியா நெளுக்குளத்தில் மெக்கானிக் இளையதம்பியின் கராஜுக்குப் போனேன்.

"இடது கால் கிளச்சுக்கு இருக்கு. பிறேக்கையும் அக்சிலேற்றரையும் கைக்குக் கொண்டுவந்தாச் சரி. ரெண்டு இலட்சம்," என்றார் இளையதம்பி. "ஆனா மாத்தினதைப் புத்தகத்திலை பதியோணும். சொந்தக்காரன்ரை ஒப்பம் இல்லாட்டில் நான் குறடு தூக்க மாட்டன்."

எங்கள் பக்கம் சொந்தக்காரர் பெயர் மாறாமலே ஒரு கார் நாலு கை மாறும். யாரும் அதைக் குற்றமாக எடுப்பதில்லை. ஒற்றைக் காலோடு கார் ஓட்டப்போகிறவனுக்கு அந்த வழி இல்லை.

"எட்டுக்கு வேறை கார் கிடையாதோ அண்ணை?" என்று ஜனகன் என்னைக் கேட்டான்.

"கிடைக்கும். தள்ளிக்கொண்டு போகோணும். அதுக்கும் ரெண்டு கால் வேணும்."

ஜனகன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொன்னேன்: "அவா உன்னட்டையும் கேப்பா, மகனைக் கண்டனியோ எண்டு. கண்டனான், கிணத்தடியிலை செத்துக் கிடந்தவர் எண்டு சொல்லு. பிறகு சான்றிதழ் எடுப்பா."

"என்ரை அம்மாட்டை ஒருத்தன் இப்பிடிச் சொன்னால்?"

"உன்ரை அம்மாட்டைக் கார் இல்லை."



அடுத்த கிழமை பிரேமிளாவையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வீரம்மா வீட்டுக்குப் போனோம். நான் காந்தத்தைக் கதவுகளில் வைத்துப் பார்த்தேன். தகரம் என்றால் பிடிக்கும், பட்டி பூசி மறைத்த இடத்தில் நழுவும். ஒரு கதவில் நழுவியது. மற்றதெல்லாம் சுத்தம். ஜனகன் சாரதி சீற்றில் ஏறி, இனிப் பூட்டப்போகிற பிறேக் நெம்பு அங்கே இருப்பதுபோல் கையால் இழுத்துப் பார்த்தான்.

வீரம்மா ஓட்டோவுக்குத் தண்ணீர் கொண்டுபோனார். பிரேமிளா ஒரு மிடறு குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏன் புள்ள, எங்க கிணத்துத் தண்ணி புடிக்கலையா?"

"பிடிக்கும் அம்மா. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் எண்டு அளந்து சொல்லியிருக்கினம்."

வீரம்மா அவளுடைய வீங்கிய பாதங்களைப் பார்த்தார். எத்தனை நாளாக, எங்கே போகிறது, யார் கூட்டிப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு கொட்டிலுக்கு வந்தார்.

"நீயும் அங்கதான் இருந்தியா தம்பி?"

"ஓம் அம்மா."

"எம் மகனப் பாத்தியா?"

நான் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்டனான்," என்றான் ஜனகன். "கிணத்தடியிலை. செல் விழுந்தாப் பிறகு. உயிர் இல்லை."

அவர் அழவில்லை. "என்ன சட்டை போட்டிருந்தான்?"

பொய்யைச் செய்து கொடுத்தவன் அதற்கு நிறம் பூச மறந்திருந்தேன். பச்சைக் கட்டத்தைப் பற்றி ஜனகனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கனைத்தேன். அவன் திரும்பவில்லை.

"நீலம்," என்றான்.

வீரம்மா அவனைப் பார்த்தார். பிறகு என்னை, சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிப் புழு இருக்கிறதா என்று பார்ப்பதைப்போல. பிறகு ஓட்டோவில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த பிரேமிளாவை.

"ஆமா," என்றார். "நீலந்தான்."

நான் சொன்னேன்: "அம்மா, சான்றிதழ் வந்தால் இந்தக் கார் பதினாலுக்குப் போகும். தெரியுந்தானே?"

"தெரியும். அவன் செத்தான்னு சொல்லி நான் லாபம் எடுக்க மாட்டேன். ஆறுதான். சான்றிதழுக்கு விதானையார்கிட்ட எப்பப் போகணும், சொல்லு."

சான்றிதழும் பெயர் மாற்றிய கடதாசிகளும் வந்து சேர்ந்த பிறகு காரை எடுக்கப் போனோம். வீரம்மா கோழியைத் தானே தூக்கிக் கொட்டிலில் ஒரு பெட்டிக்குள் வைத்தார். கார் படலையைத் தாண்டும்போது பழைய இரும்பு வாங்குகிற ஒருவன் சைக்கிளை நிறுத்தினான். வீரம்மா அவனிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"எம் மகன எங்கயாச்சும் பாத்தீங்களா? பச்சைக் கட்டம் போட்ட சட்டை."

கார் ஆறு. கைப்பிறேக் வேலை இரண்டு. ஜனகனின் எட்டு அதோடு சரி. என் தரகு முப்பதாயிரம், அவன் கடனாகச் சொல்லியிருக்கிறான், நான் விடமாட்டேன். பதினான்கில் ஆறு போக, வீரம்மாவுக்கு நிற்கிற பாக்கி எட்டு இலட்சம். அதை அவர் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை.