ஆதரவுக்குப் பறந்து வந்தவர்கள்

சின்ன விமானங்களின் சத்தம் தாங்கவில்லையென்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எங்கள் ஊர் ஓடுதளத்தை நகரசபைக்காரர்கள் மூடப் பார்த்தார்கள், கண்ணுகளா. விமானிகள் சார்பில் நகரசபையில் பேச எழுந்தாள் லோரீன்.

"அப்படியொண்ணும் பெரிய சத்தமில்லீங்க," என்று அவள் தொடங்கியதுமே கூரை அதிர்ந்தது. அவளுக்கு ஆதரவாக அக்கம்பக்கத்து விமானிகளெல்லாம் பறந்தே வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்!

தலைவர் காதைப் பொத்திக்கொண்டார். "நீ பேசினது ஒண்ணும் விழலைம்மா. அடுத்த மாசம் வந்து பேசு, அப்புறம் ஓட்டெடுப்போம்."

வெளியே வந்து லோரீன் சீறினாள். "அடுத்த தடவை எல்லாரும் கார்ல வந்து தொலைங்கய்யா!"

பறந்து வந்தவர்களில் ஒருவரான கிழவர் ஆர்வின் பதறினார். "ரோட்டுலயா? உசுருக்கு உத்தரவாதமில்லையேம்மா!"

ஆனாலும் அவர்கள் காரிலேயே வந்தார்கள். லோரீன் பேசியது எல்லார் காதிலும் விழுந்தது, ஓடுதளம் பிழைத்தது.